நல்ல ஆண்கள் சும்மா இருந்தால் என்ன ஆகும்?

பெண்களுக்கு எதிரான வன்முறைச் செய்தி ஒன்று பெரிதாக வெடிக்கும்போதெல்லாம் ஆண்களிடமிருந்து இரண்டு பதில்கள் வரும். ஒன்று, "எல்லா ஆண்களும் அப்படி இல்லை." இன்னொன்று, "நம்ம பெண்களை நாமதான் பாதுகாக்கணும்." முதல் பதிலைச் சொல்பவர் விஷயத்திலிருந்து தன்னைக் கழற்றிக்கொள்கிறார். அடுத்தவர் தன்னையே காவலுக்கு நியமித்துக்கொள்கிறார். இருவரும் நல்ல எண்ணத்தில்தான் பேசுகிறார்கள். ஆனால் வன்முறை எங்கே நடக்கிறது, எதைத் தின்று வளர்கிறது, எதனால் குறைகிறது என்று பார்த்தால் இரண்டுமே குறி தப்பிய பதில்கள்.

"வன்முறையைத் தடுப்பதில் ஆண்களின் பங்கு" என்ற பேச்சு இப்போது எங்கும் அடிபடுகிறது. உறுதிமொழி எடுப்பது, சட்டையில் ரிப்பன் குத்துவது, மகளிர் தினத்தன்று மேடையில் பேசுவது என்று ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். அதன் உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்பதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடலாம்: கை நீட்டாத ஆண்களுக்கும் இதில் வேலை உண்டு. அந்த வேலை பெரும்பாலும் மற்ற ஆண்களுக்கு நடுவில், பெண்கள் யாரும் இல்லாத இடத்தில் நடக்க வேண்டியது.

## முதலில், வன்முறை எங்கே இருக்கிறது?

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண் தன் வாழ்நாளில் ஒருமுறையாவது துணைவரால் அடிபட்டிருக்கிறார், அல்லது துணைவராலோ வேறொருவராலோ பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார். கொலைகளைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஐக்கிய நாடுகள் சபை போட்ட கணக்கில், 2023-இல் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் கணவர், காதலர் அல்லது குடும்பத்தார் கையால் இறந்தார்கள். ஒரு நாளைக்குச் சராசரியாக 140 பேர். அந்த ஆண்டு வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்களில் இவர்கள் 60 சதவீதம்.

இருட்டு, ஆளில்லாத தெரு, முகம் தெரியாத ஒருவன் என்று நம் மனதில் ஓடும் படம் முழுப் பொய் இல்லை. அப்படியும் நடக்கிறது. ஆனால் பெண்ணுக்கு அதிக ஆபத்து தெரிந்த ஆளிடமிருந்துதான், அதுவும் வீட்டுக்குள்ளிருந்துதான். "பாதுகாக்கிறேன்" என்று வாசலில் நிற்பவர் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பல வீடுகளில் காவலுக்கு நிற்பவரே ஆபத்தாகவும் இருக்கிறார்.

அடி மட்டுமே வன்முறை என்று நினைப்பதும் இன்னொரு குழப்பம். ஒரு பெண்ணின் சம்பளம் வந்தவுடன் ஏடிஎம் கார்டு கணவர் பைக்குப் போகிறது. போனின் கடவுச்சொல் அவருக்குத் தெரியும். அவருடைய போனின் கடவுச்சொல் அவளுக்குத் தெரியாது. அக்காவிடம் பேசினால் அரைமணி நேர விசாரணை. பத்து நிமிடம் தாமதமாக வந்தால் இரண்டு நாள் பேச்சில்லை. இதில் ஒருமுறைகூடக் கை ஓங்கப்படவில்லை. ஆனாலும் அவள் ஒவ்வொரு அடியையும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் எடுத்து வைக்கிறாள். மிரட்டல், கண்காணிப்பு, பணத்தைப் பிடித்து வைத்தல், உறவுகளிடமிருந்து பிரித்தல் ஆகியவற்றைத் தொடர்ந்து பயன்படுத்தி ஒருவரின் வாழ்க்கையைக் கைக்குள் வைத்துக்கொள்வதைக் கட்டுப்பாட்டு வன்முறை என்பார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தனிக் குற்றமாகவே ஆக்கிவிட்டது.

## "கோபத்தில் கை நீட்டிட்டான்"

வன்முறைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: கோபம், குடி, மன அழுத்தம். மூன்றும் நிலைமையை மோசமாக்கும். குடி, அடியின் கடுமையைக் கூட்டும் என்பதற்கு நிறைய ஆதாரம் இருக்கிறது. ஆனால் இவையே காரணம் என்றால் ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காது. அலுவலகத்தில் மேலாளர் எல்லோர் முன்னாலும் திட்டும்போது அவனுக்குக் கோபம் வருகிறது. ஆனால் அவர் கன்னத்தில் அறைவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறான், வீட்டில் அறைகிறான். கோபம் அவன் கட்டுப்பாட்டை மீறிப் போகவில்லை. எங்கே இறக்கினால் கேள்வி வராது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

2013-இல் வெளியான ஐ.நா. ஆய்வு ஒன்று வங்கதேசம், கம்போடியா, சீனா, இந்தோனேசியா, பப்புவா நியூ கினி, இலங்கை ஆகிய 6 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நேரடியாகக் கேள்வி கேட்டது. பாலியல் வல்லுறவு செய்ததாக ஒப்புக்கொண்ட ஆண்களிடம் ஏன் என்று கேட்டபோது, ஏறத்தாழ 73 சதவீதம் பேர் சொன்னதன் சாரம், "எனக்கு வேண்டும் என்று தோன்றியது, அதற்கு உரிமை இருப்பதாக நினைத்தேன்" என்பதுதான். குடியைக் காரணமாகச் சொன்னவர்கள் 27 சதவீதம். துணைவி அல்லாத பெண்ணிடம் வல்லுறவு செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் முதல்முறை அதைச் செய்தது பதின்ம வயதில். அதாவது இந்த "உரிமை" உணர்வு நாற்பது வயதில், வேலை போன விரக்தியில் முளைப்பதில்லை. பள்ளிக்கூடப் பையனாக இருக்கும்போதே அது வந்துவிடுகிறது.

எங்கிருந்து வருகிறது? சின்ன வயதில் அடி வாங்கியதும், அம்மா அடி வாங்குவதைப் பார்த்ததும் ஒரு முக்கியமான பங்கு வகிக்கின்றன. அப்படி வளர்ந்த எல்லோரும் அடிப்பவர்களாக ஆவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்னொரு பெரிய பங்கு, கூட இருக்கும் ஆண்கள் எதைச் சரி என்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள், எதைக் கண்டும் காணாமல் விடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. ஒரு குழுவில் "இது நடக்கலாம், இது கூடாது" என்று எழுதாமலே இருக்கும் இந்த ஒப்பந்தத்துக்குச் சமூக நெறி என்று பெயர்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: வன்முறை பெரும்பாலும் தெரிந்தவர்களிடமிருந்து வருகிறது. அதன் அடியில் இருப்பது கட்டுப்பாடு இழந்த கோபம் அல்ல, உரிமை என்ற நினைப்பு. அந்த நினைப்புக்குத் தண்ணீர் ஊற்றுவது சுற்றியிருப்பவர்களின் நெறி. அடுத்து வருவதுதான் கட்டுரையின் மையம். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

## எல்லோரும் சேர்ந்து போடும் தப்புக் கணக்கு

வகுப்பில் ஆசிரியர் ஒரு கடினமான பாடத்தை முடித்துவிட்டு "புரிந்ததா?" என்று கேட்கிறார். யாருக்கும் புரியவில்லை. ஆனால் யாரும் கை தூக்கவில்லை. ஒவ்வொருவனும் திரும்பிப் பார்க்கிறான், மற்ற எல்லோரும் அமைதியாக இருக்கிறார்கள். "சரி, எனக்கு மட்டும்தான் புரியல போல" என்று அவனும் வாயை மூடிக்கொள்கிறான். அவனுடைய அமைதியைப் பார்த்து அடுத்தவனும் அதே முடிவுக்கு வருகிறான். ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார். முழு வகுப்பும் மனதுக்குள் ஒரே கருத்தில் இருந்தது, வெளியே நேர் எதிரான கருத்தில் இருப்பதுபோல் நடந்துகொண்டது.

சமூக உளவியலில் இதைப் பன்மை அறியாமை என்கிறார்கள். பெயர் கொஞ்சம் கரடுமுரடுதான். பொருள் இவ்வளவே: பெரும்பாலோருக்கு ஒரு விஷயம் பிடிக்கவில்லை, ஆனால் மற்றவர்களுக்கெல்லாம் பிடித்திருக்கிறது என்று ஒவ்வொருவரும் தப்பாக நினைத்துக்கொள்கிறார்கள், அதனால் எல்லோரும் சும்மா இருக்கிறார்கள்.

இதை அப்படியே ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குக் கொண்டுபோவோம். கல்லூரி நண்பர்கள் குழு, முப்பது பேர். ஒருவன் கூட வேலை பார்க்கும் பெண்ணின் படத்தைப் போட்டு, கீழே கொச்சையாக ஒரு வரி எழுதுகிறான். நாலு பேர் சிரிப்புப் பொம்மை போடுகிறார்கள். ஒருவன் அதைவிட மோசமாக இன்னொரு வரி சேர்க்கிறான். மீதி இருபத்துச் சொச்சம் பேரில் பாதிப் பேருக்கு முகம் சுளிக்கிறது. ஒருவர் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார், ஒருவர் குழுவை மியூட் செய்கிறார். "இவனுங்க மாறவே மாட்டானுங்க" என்று மனதில் ஒருவர். இவை எதுவும் திரையில் தெரிவதில்லை. திரையில் தெரிவது நாலு சிரிப்பும் ஒரு நீண்ட மௌனமும்.

படம் போட்டவன் அந்த மௌனத்தை எப்படிப் படிக்கிறான் என்பதுதான் இங்கே முக்கியம். அருவருப்பு என்று படிப்பதில்லை. சம்மதம் என்று படிக்கிறான். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் நடந்த பல ஆய்வுகள் இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பெண்களை மட்டமாகப் பேசும் பேச்சு மற்ற ஆண்களுக்குப் பிடித்திருக்கிறது என்று ஆண்கள் உண்மையைவிட அதிகமாக மதிப்பிடுகிறார்கள். தொல்லை கொடுக்கும் ஆண்களோ, தங்களைப் போலத்தான் எல்லோரும் என்று இன்னும் உறுதியாக நம்புகிறார்கள். அவர்களுடைய அந்த நம்பிக்கைக்குச் சான்றாக இருப்பது நம்முடைய மௌனம்.

அப்படியென்றால் தப்புக் கணக்கைத் திருத்தினால் நடத்தை மாறுமா? வன்முறை பற்றியது இல்லையென்றாலும் சவுதி அரேபியாவில் நடந்த ஒரு சோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2020-இல் வெளியானது. ரியாத்தில் திருமணமான இளம் ஆண்களைக் கூட்டி, பெண்கள் வெளியே வேலைக்குப் போவதை ஏற்கிறீர்களா என்று தனித்தனியாக, ரகசியமாகக் கேட்டார்கள். மிகப் பெரும்பாலோர் ஏற்கிறோம் என்றார்கள். "உங்களோடு இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் ஏற்பார்கள்?" என்று கேட்டபோது பெரும்பாலோர் குறைத்துச் சொன்னார்கள். பிறகு அவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் உண்மையான எண்ணிக்கையைச் சொன்னார்கள். உபதேசம் இல்லை, பிரச்சாரம் இல்லை, வெறும் எண்ணிக்கை. சில மாதங்கள் கழித்து விசாரித்தபோது, உண்மை தெரிந்துகொண்ட ஆண்களின் மனைவிமார் வேலைக்கு விண்ணப்பித்திருப்பதும் நேர்காணலுக்குப் போயிருப்பதும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. அந்த ஆண்களின் மனதை யாரும் மாற்றவில்லை. மற்றவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்பதைக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

ஆண்களின் பங்கு என்பதை நான் இந்த இடத்திலிருந்துதான் புரிந்துகொள்கிறேன். கெட்டவனைத் திருத்துவது பெரிய வேலை, நம் எல்லோராலும் ஆகாது. நமக்குப் பிடிக்கவில்லை என்பது வெளியே தெரியும்படி இருப்பது, நம் கையில் இருக்கிற வேலை.

## புகை வந்தும் எழுந்திருக்காதவர்கள்

மௌனத்தின் இன்னொரு வடிவம், கண்ணெதிரே நடக்கும்போது உறைந்து நிற்பது. 1968-இல் பிப் லாடனே, ஜான் டார்லி என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து ஏதோ படிவம் நிரப்பச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் சுவரில் இருந்த துளை வழியாக அறைக்குள் புகை வர ஆரம்பித்தது. தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். ஆனால் அறையில் கூட இரண்டு பேரை உட்காரவைத்து, புகையைக் கண்டுகொள்ளாமல் எழுதிக்கொண்டே இருக்கும்படி அவர்களுக்கு ரகசியமாகச் சொல்லிவைத்தபோது, 10 சதவீதம் பேர்தான் எழுந்தார்கள். மற்றவர்கள் புகையைக் கையால் விலக்கிக்கொண்டே எழுதினார்கள். கூட ஆட்கள் இருந்தால் உதவும் வாய்ப்பு குறையும் என்ற இந்தப் போக்குக்குப் பார்வையாளர் விளைவு என்று பெயர்.

இதைப் பேசும்போதெல்லாம் ஒரு கதையும் கூடவே வரும். 1964-இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொல்லப்பட்டபோது 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள், ஒருவரும் உதவவில்லை என்ற கதை. அது மிகைப்படுத்தப்பட்ட செய்தி என்பது பிற்பாடு தெரியவந்தது. சத்தம் போட்டவரும் இருந்தார், அவள் அருகில் ஓடிவந்த அண்டை வீட்டுப் பெண்ணும் இருந்தார். மனிதர்கள் அவ்வளவு மோசமில்லை. ஆம்ஸ்டர்டாம், கேப் டவுன், லங்காஸ்டர் ஆகிய மூன்று நகரங்களின் கண்காணிப்புக் கேமரா பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வில், பொது இடத்தில் நடந்த 219 சண்டைகளில் பத்துக்கு ஒன்பதில் யாராவது ஒருவராவது குறுக்கே வந்திருக்கிறார். தெருச் சண்டையில் வருகிறவர்கள் வீட்டுச் சண்டையில் ஏன் வருவதில்லை என்பதே சரியான கேள்வி. "புருஷன் பொண்டாட்டி விஷயம், நமக்கெதுக்கு" என்ற ஒரே வரி நம்மை உட்காரவைத்துவிடுகிறது. அதுவும் ஒரு நெறிதான்.

மறுபடி ஒரு சுருக்கம். நமக்குப் பிடிக்காததை நாம் காட்டாமல் இருக்கிறோம், அதனால் மற்றவர்களும் காட்டுவதில்லை, செய்கிறவன் அதையே அனுமதியாக எடுத்துக்கொள்கிறான். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியை நம்மால் பிடிக்க முடியும் என்று பார்க்கலாம்.

## குறுக்கே வருவது என்றால் சண்டைக்குப் போவதா?

இல்லை. பலரும் பின்வாங்குவதே இந்தத் தப்பான படத்தால்தான். குறுக்கே வருவது என்றதும் சட்டையைப் பிடித்து நாலு அறை விடும் கதாநாயகன் நினைவுக்கு வருகிறான். நிஜத்தில் அது பெரும்பாலும் ஆபத்தில் முடியும், அந்த ஆபத்து கடைசியில் அந்தப் பெண்ணின் தலையில்தான் விழும்.

இந்தத் துறையில் பயிற்சி கொடுப்பவர்கள் சொல்லும் வழிகள் இதைவிட அடக்கமானவை. நேரடியாகச் சொல்வது அதில் ஒன்று மட்டுமே. பேருந்தில் ஒருவன் ஒரு பெண்ணை நெருக்கிக்கொண்டே நிற்கிறான் என்றால், அவளிடம் போய் "அடுத்து எந்த ஸ்டாப்புங்க?" என்று கேட்டு இருவருக்கும் நடுவில் நின்றுகொள்ளலாம். அவனிடம் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். நமக்குத் துணிச்சல் இல்லாவிட்டால் நடத்துநரிடம் சொல்லலாம். நடந்து முடிந்தபிறகு, "நான் பார்த்தேன், நீங்க நல்லா இருக்கீங்களா? யாரையாவது கூப்பிடணுமா?" என்று கேட்கலாம். இந்தக் கடைசி வழியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். தனக்கு நடந்ததை இன்னொருவரும் பார்த்தார், அது தப்பு என்று அவருக்கும் தெரிந்தது என்பதே ஒரு பெண்ணுக்குப் பெரிய பலம். வீடியோ எடுத்தால் அது அவளுக்குச் சொந்தம். அவள் சொல்லாமல் எங்கேயும் போடக் கூடாது.

வீட்டுக்குள் நடக்கும்போது? இந்தியாவில் 2008-இல் தொடங்கிய 'பெல் பஜாவோ' என்ற பிரச்சாரத்தின் யோசனை ரொம்ப எளிமையானது. பக்கத்து வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டால் போய் அழைப்பு மணியை அடி. கதவு திறந்ததும் ஏதாவது ஒரு சாக்கைச் சொல், எதையாவது கேள். கேட்கிற பொருள் வேண்டும் என்பது நோக்கமே இல்லை என்று இருவருக்கும் தெரியும். "வெளியே கேட்கிறது" என்ற செய்தி உள்ளே போய்விட்டது. அந்த நிமிடம் அடி நிற்கிறது. நிலைமை கை மீறினால் காவல்துறையைக் கூப்பிடுவதுதான் சரி, மணியை அடிப்பது அல்ல.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பெண்ணைக் கேட்காமல், பிறகொரு நாள் அவள் கணவரிடம் போய் "ஏங்க அடிக்கிறீங்க?" என்று நியாயம் கேட்பது நல்லதல்ல. "அவங்க வரைக்கும் போய்ச் சொன்னியா?" என்று அன்றிரவு அவளுக்குத்தான் கூடுதலாக விழும். அவளிடம் தனியாக, அவர் இல்லாதபோது, "உங்களுக்கு என்ன செய்தால் உதவியா இருக்கும்?" என்று கேட்பதே முதல் படி. "ஏன் இன்னும் விட்டுப் போகல?" என்று கேட்க வேண்டாம். பிரியப் பார்க்கும் நேரமும் பிரிந்த பின் சில காலமும் ஆபத்து கூடும் நேரங்கள் என்பது அவளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

## செய்கிறவன் நம் நண்பனாக இருந்தால்

எனக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாகத் தெரிவது இதுதான். அதிகம் பேசப்படாததும் இதுதான். அந்நியனை எதிர்ப்பது ஒரு நிமிடத் துணிச்சல். பதினைந்து வருட நண்பனிடம் பேசுவது அப்படியல்ல.

அவன் ஒரு நாள் சொல்வான்: "நேத்து கொஞ்சம் கை நீட்டிட்டேன்டா. அவ வாய் ரொம்ப ஓவரா போயிடுச்சு." இந்த இடத்தில் நம் வாயிலிருந்து தானாக வரும் கேள்வி, "அப்படி என்னடா சொன்னா?" கேட்பதற்கு அக்கறைபோல் இருக்கும். ஆனால் அந்தக் கேள்வி நாற்காலியைப் போட்டு அவனை நீதிபதியாக உட்காரவைத்துவிடுகிறது. இனி விசாரணை அவள் சொன்னதைப் பற்றி. அடி விஷயம் முடிந்துபோன கதை. "சரி விடு மச்சான், குடும்பம்னா இருக்கறதுதான்" என்றால் இன்னும் மோசம், தீர்ப்பும் எழுதிக் கொடுத்தாயிற்று.

வேறு விதமாகவும் கேட்கலாம். "நீ அடிச்சியா?" என்று பேச்சை அங்கேயே நிறுத்தலாம். "கை நீட்டிட்டேன்" என்பதில் கை தானாக நீண்டதுபோல் ஒரு வசதி இருக்கிறது. "அடிச்சியா" என்பதில் அது இல்லை. அவன் காரணம் சொல்வான். "அவ என்ன சொல்லியிருந்தாலும் சரி, நீ அடிச்சது தப்புடா. நான் உன் பக்கம்தான், ஆனா இதுல இல்ல." இதற்கு மேல் பிரசங்கம் தேவையில்லை. பிறகு, நிறுத்துவதற்கு உதவி தேடிக்கொள்ள அவனைத் தள்ள வேண்டும், வன்முறை செய்யும் ஆண்களோடு வேலை செய்யத் தெரிந்த ஆலோசகரிடம். தம்பதியாகச் சேர்ந்து ஆலோசனைக்குப் போவது இங்கே சரிவராது. பக்கத்தில் அவன் உட்கார்ந்திருக்கும்போது அவள் உண்மையைச் சொன்னால் வீட்டுக்குப் போனபின் என்ன ஆகும் என்ற பயம் இருக்கும்.

நட்பு முறியுமா? முறியலாம். அவன் இனிமேல் நம்மிடம் சொல்லாமல் மறைக்கவும் செய்யலாம். அந்த ஆபத்து உண்மையானதுதான். அதனால்தான் முகத்தை முறித்துக்கொண்டு போவதைவிட, தொடர்பில் இருந்துகொண்டே அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வளையாமல் இருப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

## எது வேலை செய்திருக்கிறது?

1989 டிசம்பர் 6 அன்று கனடாவின் மொன்றியாலில் ஒரு பொறியியல் கல்லூரிக்குள் புகுந்த ஒருவன், பெண்களைத் தனியாகப் பிரித்து நிறுத்திச் சுட்டான். 14 பெண்கள் இறந்தார்கள். அதை ஒட்டி 1991-இல் அங்கே சில ஆண்கள் தொடங்கியதுதான் வெள்ளை ரிப்பன் இயக்கம். அதன் உறுதிமொழியில் மூன்று பகுதிகள்: பெண்கள் மீது வன்முறை செய்ய மாட்டேன், அதற்குத் துணைபோக மாட்டேன், அதைப் பார்த்து மௌனமாக இருக்க மாட்டேன். பல நாடுகளுக்குப் பரவியது. அந்த மூன்றாவது பகுதிதான் நாம் இதுவரை பேசிக்கொண்டிருப்பது. ஆனால் ரிப்பன் குத்துவது சுலபம் என்பதால் பல இடங்களில் அதோடு நின்றுபோனது. ஒரு நாள் கருத்தரங்கு, ஒரு புகைப்படம், அப்புறம் வீட்டுக்குப் போய்விடுவது. இதனால் வன்முறை குறைந்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை.

குறைத்துக் காட்டியவை மெதுவானவை, நீண்டவை. உகாண்டாவின் கம்பாலாவில் 'சாசா' என்ற திட்டம், அதே பகுதியில் வாழும் ஆண்களையும் பெண்களையும் பயிற்றுவித்து, அவர்கள் தங்கள் அக்கம்பக்கத்தாரிடம் அதிகாரம் என்றால் என்ன, யாரிடம் இருக்கிறது என்று வருடக்கணக்கில் பேசவைத்தது. 2014-இல் வெளியான ஆய்வின்படி, திட்டம் நடந்த பகுதிகளில் துணைவரின் உடல்ரீதியான வன்முறை, நடக்காத பகுதிகளைவிட 52 சதவீதம் குறைவு. ருவாண்டாவில் 'பாண்டெபெரேஹோ' என்ற திட்டம் புதிதாக அப்பா ஆகப்போகிறவர்களையும் சின்னக் குழந்தைகளின் அப்பாக்களையும் பிடித்தது. சுமார் 15 சந்திப்புகள். குழந்தை வளர்ப்பு, வீட்டு வேலை, முடிவெடுப்பது, வன்முறை எல்லாம் பேச்சில் வரும், சிலவற்றுக்கு மனைவியும் வருவார். ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, முந்தைய ஓராண்டில் அடிபட்டதாகச் சொன்ன பெண்கள் திட்டத்தில் இருந்த வீடுகளில் 33 சதவீதம், மற்ற வீடுகளில் 57 சதவீதம். 33 என்பதும் பெரிய எண்தான். ஆனால் இடையில் இருக்கும் 24-ஐப் பாருங்கள். டயபர் மாற்றுவது பற்றிய பேச்சில் தொடங்கிய வகுப்பிலிருந்து இது வந்திருக்கிறது.

அமெரிக்காவின் சாக்ரமென்டோவில் பள்ளி விளையாட்டுப் பயிற்சியாளர்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். பயிற்சி முடிந்ததும் வாரம் ஒருமுறை, பத்துப் பதினைந்து நிமிடம், பையன்களிடம் பெண்களை மதிப்பது பற்றிப் பேசுவார்கள். ஓராண்டுக்குப் பிறகு அந்தப் பையன்கள் காதல் உறவுகளில் வன்முறையாக நடந்துகொள்வது மற்ற பள்ளிப் பையன்களைவிடக் குறைவாக இருந்தது. பேசியது அம்மாவோ டீச்சரோ இல்லை. அந்தப் பையன்கள் யாரைப்போல் ஆக ஆசைப்பட்டார்களோ அந்த ஆள். வன்முறை நடக்கும் முன்பே அதன் வேரில் வேலை செய்யும் இவற்றுக்கெல்லாம் முதல்நிலைத் தடுப்பு என்று பெயர்.

## "ஆண்களும்தானே பாதிக்கப்படுகிறார்கள்?"

ஆமாம். உலகில் கொல்லப்படுபவர்களில் 80 சதவீதம் ஆண்கள்தான். அவர்களைக் கொல்பவர்களிலும் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். வித்தியாசம் இடத்தில் இருக்கிறது: ஐ.நா. கணக்கில் 2023-இல் கொல்லப்பட்ட ஆண்களில் சுமார் 12 சதவீதம் பேர்தான் துணைவர் அல்லது குடும்பத்தார் கையால் இறந்தார்கள், பெண்களில் அது 60 சதவீதம். "ஆம்பளைன்னா விட்டுக்கொடுக்கக் கூடாது" என்ற அதே நெறிதான் தெருவில் ஆணையும் வீட்டில் பெண்ணையும் கொல்கிறது. எனவே இந்தக் கேள்வியை விவாதத்தை மூடுவதற்கு அல்லாமல் நிஜமாகவே கேட்பவர்கள் இந்த வேலையில் சேரலாம், அவர்களுக்கும் இது சொந்த விஷயம்.

இன்னொரு சந்தேகம் பெண்கள் தரப்பிலிருந்து வருவது, நியாயமானதும்கூட. பெண்கள் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் வேலைக்குக் கிடைக்காத கைதட்டல், ஓர் ஆண் ஒரு வார்த்தை பேசினால் கிடைக்கிறது. நிதியும் மைக்கும் அவர் பக்கம் போய்விடுகின்றன. இதை மறுப்பதில் அர்த்தமில்லை. ஆண்கள் மேடைகளை விட்டுவிட்டு, பெண்கள் நுழைய முடியாத இடங்களில் பேசினால் இந்தப் பிரச்சினை பாதி தீரும்.

## முதல் ஆளாக முடியாவிட்டால் இரண்டாம் ஆள்

"நான் அப்படி எழுந்து பேசுகிற ஆள் இல்லை" என்று பலர் சொல்வார்கள். அவர்களுக்கு 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் செய்த சோதனை உதவும். காட்டிய ஒரு கோட்டுக்கு நீளத்தில் சமமான கோடு மூன்றில் எது என்ற சுலபமான கேள்வி. அறையில் இருந்த மற்ற எல்லோரும், ஏற்பாட்டின்படி, வேண்டுமென்றே தப்பாகச் சொன்னார்கள். விஷயம் தெரியாத ஒரே ஆள், மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான தடவை, கண்ணால் கண்டதை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்து தப்பைச் சொன்னார். பிறகு ஆஷ் ஒரே ஒரு மாற்றம் செய்தார்: கூட்டத்தில் ஒருவரை மட்டும் சரியான விடையைச் சொல்லவைத்தார். கூட்டத்துக்குப் பணிவது முன்பு இருந்ததில் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

அலுவலகத்தில் மதியம் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு எப்படிப் பதவி உயர்வு கிடைத்தது என்று ஒருவர் கண்ணடித்துக்கொண்டே கதை சொல்கிறார். இன்னொருவர், "இது வேணாமே, அவங்க வேலை நல்லாத்தான் செய்யறாங்க" என்கிறார். ஒரு கணம் யாரும் பேசவில்லை. சொன்னவர் இப்போது தனியாக இருக்கிறார், அடுத்த ஐந்து விநாடியில் "உனக்கென்னப்பா அவ்ளோ அக்கறை?" என்ற கேலி வரப்போகிறது. அதற்கு முன்னால், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, "ஆமா, எனக்கும் அதான் தோணுது" என்று நீங்கள் சொல்லலாம். வாதம் வேண்டாம், விளக்கம் வேண்டாம். ஐந்தில் இருவர் ஆகிவிட்டீர்கள். மூன்றாவது ஆள் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அநேகமாக அப்போது தெரிந்துவிடும்.